லாடம் தேடியவரைத் தொடரும் எண்

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் பெரும்பகுதி, பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பின் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரவிருக்கும் நிலையில், தென்காசி வட்டார வாசகர்களின் கடிதங்களில் குக்கியை ஏற்பதா மறுப்பதா என்ற குழப்பமே மேலோங்கி நிற்கிறது. இணையதளம் உலாவியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கியை 1994இல் வகுத்த நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மான்டுல்லி, உலாவிக்கு நிலையான ஓர் எண்ணைத் தந்தால் எல்லாத் தளங்களும் ஒருவரைப் பின்தொடர முடியும் என்று கருதி, இட்ட தளத்துக்கு மட்டுமே குறிப்பு திரும்பும் என்ற விதியை வைத்தார். அந்த வேலியே பின்னர் பயிரை மேய்ந்தது.

வண்டிமாட்டின் பிளந்த குளம்புக்குக் காலுக்கு இரண்டு தகடாக எட்டு லாடம் வேண்டிய ஒருவர், அவற்றின் விலை காட்டும் பக்கத்தைத் திறக்கிறார் எனக் கொள்ளலாம். அப்பக்கத்தின் விளம்பரக் கட்டத்தை நிரப்புவது வேறொரு நிறுவனத்தின் கணினியாதலால், படத்தைக் கேட்டு உலாவி அங்கே செல்லும்போது அந்நிறுவனமும் ஓர் எண்ணைக் குக்கியாக இட்டுவிடுகிறது; இதுவே மூன்றாம் தரப்புக் குக்கி. மறுநாள் குற்றாலச் சாரலுக்கு அவர் விடுதி தேடும் பக்கத்திலும் அதே நிறுவனத்தின் கட்டம் இருந்தால், விதி சற்றும் மீறப்படாமலேயே அந்த எண் அந்நிறுவனத்துக்குத் திரும்புகிறது. லாடக் கடைக்கு ஐந்தருவிப் பயணம் தெரியாது, விடுதிக்கு மாடு தெரியாது. அவர் ஒருபோதும் முகவரி தட்டிச் சென்றிராத மூன்றாமவருக்கு இரண்டும் தெரியும்.

ஒப்புதல் தன்விருப்பத்தோடும் தெளிவோடும் பெறப்பட வேண்டும், கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்று இவ்விதிகளுக்கு அடிப்படையான 2023ஆம் ஆண்டுச் சட்டம் கூறினாலும், குக்கி என்ற சொல்லே அதில் இல்லை. எனவே குக்கியிலுள்ள எண் ஒருவரின் பெயராகாது என்று வாதிட இடமிருக்கிறது. ஒப்புதல் அறிவிப்பில் வரும் 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்ற வாசகத்தை 'எங்கள் விளம்பரத்தை மேம்படுத்த' என்று படித்துக்கொள்வது தகும். மூன்றாம் தரப்புக் குக்கியை இரண்டாண்டுகளில் ஒழிப்பதாக 2020இல் அறிவித்த கூகுள், பலமுறை ஒத்திவைத்து 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். சஃபாரி உலாவி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கியைத் தானாகவே தடுக்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் சோஹோ, 2023இல் வெளியிட்ட தன் 'உலா' உலாவியும் தடுப்பதாகக் கூறுகிறது.

எல்லாக் குக்கிகளையும் மறுத்தால் தளத்தில் உள்நுழைவு நிலைக்காது. மூன்றாம் தரப்பை மட்டும் மறுப்பது போதும்.

உலாவியின் மறைநிலைச் சாளரத்தை மூடியதும் அதில் இடப்பட்ட குக்கிகள் அழியும்; இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து அது எதையும் மறைக்காது.

ஒப்புதல் அறிவிப்பைத் தமிழிலேயே படிக்கும் வாய்ப்பைச் சட்டம் தருகிறது.