பழைய கணினியை அணைக்கும் முன்

அச்சும் கணினியும் – 17

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து, டி.டி.பி. நடத்தும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: பழைய கணினியில் இருப்பதையெல்லாம் புதியதற்கு எப்படி மாற்றுவது? சிலரிடம் இன்னும் எக்ஸ்.பி.யே ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுபோனது. ஆனாலும் பேஜ்மேக்கர் அதில் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதால், இணைய இணைப்புக் கொடுக்காமல் ஓர் ஓரமாக வைத்து வேலை வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. அந்த ஹார்ட் டிஸ்க் என்றைக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் கவலை.

மாற்றுவது என்றால் நகலெடுப்பது என்றுதான் நினைக்கிறோம். கல்யாணப் படங்களுக்கும் கணக்குத் தாள்களுக்கும் அது போதும். தமிழில் டி.டி.பி. செய்த கோப்புகளுக்குப் போதாது. 1990-களிலும் 2000-களிலும் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பில் பாதி விஷயம்தான் கோப்புக்குள் இருக்கிறது. மீதி அந்தக் கணினியில் ஏற்றிவைத்த எழுத்துருக்களிலும் மென்பொருளிலும் இருக்கிறது. கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் மீதிப் பாதி போய்விடும். அதனால்தான் பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகளை இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் நகலெடுக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கணினிகளையும் கேபிளில் இணைத்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். எக்ஸ்.பி.க்குத் தெரிந்த பழைய கோப்புப் பகிர்வு முறையை, 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைத்திருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை பரவியது அந்த வழியாகத்தான். எனவே அதைத் திரும்பத் திறந்துவிடச் சொல்லும் யோசனையைக் கேட்க வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. மாற்றி மூலம் புதுக் கணினியில் செருகுவதே நல்ல வழி. அகலமான ரிப்பன் கேபிள் போட்ட டிஸ்க் என்றால் ஐ.டி.இ.; ஒல்லியான கேபிள் என்றால் சாட்டா. இரண்டுக்கும் சேர்த்தே மாற்றி கிடைக்கிறது. சென்னையில் ரிச்சி தெருவில் கேளுங்கள். மேசைக் கணினியின் டிஸ்க்குக்கு யு.எஸ்.பி.யில் வரும் மின்சாரம் போதாது. தனி அடாப்டரோடு வரும் மாற்றியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அதோடு நிறுத்திவிட்டு, ஒரு ரெக்கவரி ஆளிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப ஓடவிட்டால் மிச்சமும் போகும். சத்தம் இல்லையென்றால் நகலெடுங்கள். 'கட்' செய்து ஒட்டாதீர்கள். பாதி வழியில் மின்சாரம் நின்றால் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும். புதிய கணினியில் எதையும் திறப்பதற்கு முன் வைரஸ் சோதனை ஓட்டுங்கள். வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்கள் வந்துபோன கணினி அது.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகலெடுக்கும்போது விண்டோஸ், கோப்பை உருவாக்கிய தேதியாக இன்றைய தேதியைப் போட்டுவிடும். கடைசியாகத் திருத்திய தேதி மட்டும் பழையபடி இருக்கும். அதையும் முழுசாக நம்ப முடியாது. மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்துபோன கணினி, ஒவ்வொரு முறை போடும்போதும் ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குப் போய் நிற்கும். நேரமில்லாதவர்கள் அதைத் திருத்தாமலே வேலை செய்திருப்பார்கள். ஆண்டுவாரியாகப் பிரிக்க நினைப்பவர்கள் தேதியைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்தே பிரிக்க வேண்டும்.

இனி எழுத்துருவுக்கு வருவோம்.

திருவல்லிக்கேணியில் ஓர் அம்மா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டி.டி.பி. செய்கிறார். சிறுபத்திரிகைகள், கோயில் தலபுராணங்கள், கல்லூரி ஆய்வேடுகள், கவிதைத் தொகுப்புகள் என்று அந்தச் சின்ன அறையில் உருவானவை ஏராளம். புதுக் கணினி வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்த மறுநாள் போன் செய்தார். "சார், ஃபைல் எல்லாம் வந்திருக்கு. எண்ணிக்கைகூட சரியா இருக்கு. ஆனா தமிழ் வரல."

போய்ப் பார்த்தேன். பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்ததும், இந்த எழுத்துரு இல்லை, அதற்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்கிறேன் என்று பட்டியலிடும் அந்தப் பழைய 'பேனோஸ்' பெட்டி வந்தது. சரி என்று அழுத்தினால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாக நிறைந்தது. பத்திகள் அப்படியே இருந்தன. தலைப்பு, பக்க எண், கட்டம் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. படிக்க மட்டும் முடியவில்லை.

"அம்மா, கோப்பு ஒன்றும் கெடவில்லை" என்றேன். அது உண்மைதான். கணினிக்குள் அந்தப் பக்கம் எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கிறது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் மிகவும் புழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி சேமித்துவைப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. ஜே என்ற இடத்தில் 'த' படத்தையும், கே என்ற இடத்தில் 'ம' படத்தையும் வரைந்து காட்டுவது எழுத்துரு. அதை எடுத்துவிட்டால் ஜே ஜேயாகவே தெரியும். பாமினிக்கு ஒரு வரிசை, வானவில்லுக்கு ஒன்று, ஸ்ரீலிபிக்கு வேறு. நிறுவனத்துக்கு ஒன்றாக, சில நேரம் ஒரே நிறுவனத்திலேயே இரண்டு மூன்றாக இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. அதோடு டிஸ்கியும் இருந்தது. கடைக்காரர்கள் தங்கள் விரலுக்குப் பழகியதையே தொடர்ந்தார்கள்.

இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாயிற்று. ஆனால் விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துரு வரும்வரை சாதாரணக் கணினியில் அது கண்ணுக்கே தெரியாது. வந்த பிறகும் பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் புரியவில்லை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டிய இதழைக் கையில் வைத்திருப்பவர் எது ஓடுகிறதோ அதில்தான் அடிப்பார்.

ஆகவே கோப்புகளோடு முதலில் வர வேண்டியது எழுத்துருக்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. அடோபி டைப் மேனேஜர் போட்டிருந்த கணினிகளில் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்கள் சி டிரைவில் 'பி.எஸ்.ஃபாண்ட்ஸ்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். ஒவ்வொரு எழுத்துருவும் இரண்டு கோப்புகளாக இருக்கும், இரண்டும் வேண்டும். எடுத்துவந்தாலும் புதிய அடோபி மென்பொருள்களில் அவை வேலை செய்யாது. அந்த வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. இருந்தாலும் எடுத்துவையுங்கள். எந்தக் குறியீட்டில் அடித்தது என்று பின்னால் கண்டுபிடிக்க அதுதான் சாட்சி.

தமிழ் மென்பொருள் சிலவற்றுக்கு 'லாக்' உண்டு. பழைய பிரிண்டர் கேபிள் செருகும் துளையில் கட்டை விரல் அளவுக்கு மாட்டியிருக்கும். அந்தத் துளையே புதுக் கணினியில் இல்லை. இப்படிப்பட்ட கோப்புகளைப் பழைய கணினியிலேயே திறந்தாக வேண்டும்.

பேஜ்மேக்கரும் இதே நிலைதான். அடோபி அதைக் கைவிட்டு இன்டிசைனுக்குப் போனபோது, பேஜ்மேக்கர் 6.0 முதல் 7 வரையிலான கோப்புகளை இன்டிசைன் திறக்கும்படி வழி வைத்திருந்தது. 2012-ல் வந்த சி.எஸ்.6 பதிப்போடு அந்த வழி அடைபட்டது. இன்று சந்தா கட்டி வாங்கும் இன்டிசைன், பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்காது. சி.எஸ்.6-ல் திறந்தாலும் பழைய தமிழ் எழுத்துருக்களில் சில எழுத்துகள் மட்டும் காணாமல் போகக்கூடும். பக்கம் பார்வைக்கு நன்றாக இருக்கும், நடுநடுவே ஒரு கொம்போ காலோ இருக்காது. எல்லாம் குப்பையாகத் தெரிவதைவிட இது ஆபத்தானது. யாரும் கவனிக்காமல் அச்சாகிவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். பழைய கணினி ஓடும்வரை தினமும் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்து, முக்கியமான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்துருவை உள்ளேயே பொதிந்து பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள் என்றேன். பி.டி.எஃப். எந்தக் கணினியிலும் போனிலும் அன்று கண்ட பக்கமாகவே திறக்கும். ஆனால் அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து வேறெங்காவது ஒட்டினால் மறுபடி அந்த ஜே, கே, பி-தான் வரும். தேடினாலும் கிடைக்காது. பார்ப்பதற்கு பி.டி.எஃப்.; திருத்தி மறுபதிப்புப் போடவும் தேடவும் வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். தமிழக அரசும் 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், யூனிகோடைத் தரமாக ஏற்றது.

மாற்றுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டரும், சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கின்றன. இவற்றை இலவசமாகத் தந்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பழைய கோப்பிலிருந்து பத்தியை எடுத்து ஒட்டி, எந்தக் குறியீடு என்று சொன்னால் போதும், தமிழ் வந்துவிடும். அந்த அம்மா முதல்முறை அதைப் பார்த்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பக்கத்தை முழுக்கப் படித்தார்.

படித்தபோதே பிழைகளையும் கண்டுபிடித்தார். பழைய எழுத்துருக்களில் நாம் காகிதத்தில் எழுதுகிற வரிசைதான்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் 'க' முதலில், உயிர்க்குறி பின்னால். மாற்றி இதைத் திருப்பிப் போட வேண்டும். 'கௌ'வில் சிக்கல் வருகிறது. பழைய எழுத்துருவில் அது கொம்பு, 'க', 'ள' என்று மூன்று துண்டு. 'வெள்ளம்' என்ற சொல்லின் முதல் பகுதியும் கொம்பு, 'வ', 'ள' என்றுதான் தொடங்குகிறது. எது ஔகாரம், எது தனி ளகரம் என்று மாற்றிக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் மாற்றிய பழைய நூல்களில் 'வௌியீடு' என்றும் 'வௌ்ளி' என்றும், இன்னொரு பக்கம் 'கெளரவம்' என்றும் பார்க்கிறோம். இவற்றை ஒட்டுமொத்தமாகத் தேடித் திருத்திவிடலாம். தேடத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் இன்னொரு தொல்லை. ஒட்டும்போது எழுத்துரு விவரம் உதிர்ந்துவிடுவதால், மாற்றி ஆங்கிலத்தையும் தமிழாக நினைத்துக்கொள்ளும். டி, ஹெச், இ என்ற மூன்றெழுத்து, பாமினியிலிருந்து மாறும்போது 'வாந' ஆகிவிடும். ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல் இதில் அடையாளம் தெரியாமல் சிதைந்துபோகும். டிஸ்கி, டாப் இரண்டிலும் ஆங்கிலத்துக்குத் தனி இடம் விட்டிருந்ததால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். செய்ய முடியாத வேலையல்ல. 1998 பொங்கலின்போது சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், அவர் உருவாக்கிய மயிலை எழுத்துருவில் நூல்களை ஏற்றத் தொடங்கி, பிறகு டிஸ்கிக்கும் யூனிகோடுக்கும் மாறிவந்தது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள்வரை இன்று நாம் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சங்க இலக்கியத்துக்கு ஆள் இருக்கிறார்கள். முந்நூறு பிரதி போட்டு நின்றுபோன சிறுபத்திரிகைக்கு யார் இருக்கிறார்கள்? ஓர் ஊர்க்காரர் தன் கைக்காசைப் போட்டு அச்சடித்த ஊர் வரலாற்றுக்கு? காகிதப் பிரதி எங்காவது ஒன்றிரண்டு இருக்கலாம். தட்டச்சு செய்து, ஆசிரியரே உட்கார்ந்து திருத்திய பிரதி அந்த டி.டி.பி. கடையின் டி டிரைவில் மட்டும்தான் இருக்கிறது. எழுதியவர்களில் சிலர் இன்று இல்லை. அச்சடித்துக் கொடுத்துவிட்டோம், பணம் வாங்கிவிட்டோம், இனி அது நம் பொறுப்பல்ல என்று கடைக்காரர்கள் சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் அவர்களைத் தவிர வேறு யாராலும் அதைக் காப்பாற்ற முடியாது. எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் தங்கள் பழைய டி.டி.பி. கடைக்கு இந்த மாதம் ஒருமுறை போய், "அண்ணே, என் புத்தகத்தோட ஃபைல் இன்னும் இருக்கா?" என்று கேட்க வேண்டும். போகும்போது ஒரு பென் டிரைவும், அவர் நேரத்துக்கு உரிய பணமும் எடுத்துக்கொண்டு போங்கள்.

எல்லாம் மாற்றியாயிற்று என்று தோன்றிய பிறகும் பழைய டிஸ்க்கை அழிக்காமல் ஒரு வருடமாவது வைத்திருங்கள். மேலே ஒரு தாளில் எந்த ஆண்டுகளின் வேலை, என்னென்ன எழுத்துருக்கள் என்று எழுதி ஒட்டுங்கள். புதுக் கணினியிலும் ஒரே பிரதியாக வைக்காதீர்கள். ஒன்று கணினியில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வேறு ஒருவர் வீட்டில்.

அந்த அம்மா 2003-லிருந்து தொடங்கியிருக்கிறார். அதற்கு முந்தைய வேலைகளெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஃப்ளாப்பிகளில் இருக்கின்றன. 1.44 மெகாபைட் கொள்ளும் அந்தத் தட்டுகளில் பூஞ்சை பிடித்ததை எப்படித் துடைப்பது, எந்த டிரைவில் போடலாம், எதைப் போடவே கூடாது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)