தண்ணீருக்குள் கிடக்கும் கம்பி, தண்ணீர் குடித்த இன்ஜின்

நாகர்கோவிலில் வேலை முடித்து வெள்ளிச்சந்தை, மணவாளக்குறிச்சி வழியாக மண்டைக்காட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. குளம் மறுகால் பாய்ந்தாலும் சானல் கரை உடைத்தாலும் தண்ணீர் வந்து நிற்பது ரோட்டில்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் ரோட்டில் சாய்த்துப் போட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2021 நவம்பரில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தபோது வெள்ளம் மாவட்டத்தையே முடக்கியது.

“நம்ம ரோடுதானே, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்” என்கிற தைரியம் இந்த நேரத்தில் உதவாது. பழகியது ரோடு, அதன் மேல் ஓடும் தண்ணீர் அல்ல. வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும். ஒரு அடி தண்ணீர் சின்னக் காரை மிதக்க வைக்கும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஓர் அரசு மருத்துவர் இறந்தார். மாமியாருடன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். சப்பாத்தில், அதாவது தரைப்பாலத்தில், தண்ணீர் ஓடினால் நின்றுவிடுங்கள். முன்னால் போன பஸ் கடந்துவிட்டது என்பது உங்கள் ஸ்கூட்டருக்குக் கணக்கில்லை.

தண்ணீரைவிடப் பயப்பட வேண்டியது அதற்குள் அறுந்து கிடக்கும் மின்கம்பி. 1997 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு தொழிலாளி இரவில் சைக்கிளில் வீடு திரும்பினார். மழைநீர் தேங்கிய ரோட்டில் கிடந்த கம்பி தெரியவில்லை. அதன் மேல் ஏறியதும் அங்கேயே இறந்தார். யாரோ மின்சாரம் திருட இழுத்த கம்பி அது, எங்கள் தவறில்லை என்றது மின்வாரியம். உச்ச நீதிமன்றம் 2002 ஜனவரியில் அதை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம், தன் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு தந்தாக வேண்டும் என்றது. “காற்றுல விழுந்துச்சு, நாங்க என்ன செய்ய?” என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற குடும்பங்களுக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும்.

கம்பியைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள், கம்பு கொண்டு தள்ளாதீர்கள். எதிரே வருகிறவர்களைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். கார் மேலேயே கம்பி விழுந்தால், தீப்பிடிக்காதவரை உள்ளேயே இருப்பது நல்லது. வெள்ளத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108.

உயிரிழப்பு நேர்ந்தால் போலீஸ் புகாரும் பிரேதப் பரிசோதனையும் இல்லாமல் உடலை எடுத்து வந்துவிடக் கூடாது. துக்க வீட்டில் இதைச் சொல்வது கடினம்தான். ஆனால் பின்னால் எந்த மனுவும் இந்தக் காகிதங்களில்தான் நிற்கும். மின்விபத்து என்றால் மின் ஆய்வாளரின் விசாரணை அறிக்கையும் முக்கியம். வெள்ளத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் கோர, கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் கல்குளம் வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையா? நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச சட்ட உதவி உரிமை.

இனி வண்டி. தண்ணீரில் அணைந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிரங்களில் முடிய வேண்டிய செலவு லட்சத்துக்குப் போவது இந்த ஒரு சாவித் திருப்பலில்தான். இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிப்பதும் இங்கேதான்: வெள்ளம் செய்த சேதம் வேறு, நீங்களே ஸ்டார்ட் செய்து உண்டாக்கியது வேறு என்பார்கள். ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் அந்தச் சண்டையில் உங்களுக்குப் பலம். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும்படி அப்போதே போட்டோ எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், இழுவை வண்டியில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். கம்பெனியின் சர்வேயர் பார்க்கும் முன் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியிடமே புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு வருடம்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அதைப் பார்த்துவிட்டு “அஞ்சு வருஷத்துக்கு இருக்கு” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வெள்ளச் சேதத்துக்குப் பணம் தருவது ‘ஓன் டேமேஜ்’ பகுதி. அது பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். மழை தொடங்கும் முன் உங்கள் பாலிசியில் அந்தத் தேதியைப் பாருங்கள்.