எடையற்ற வெளியில் ஐந்தாங்கல்

ஐந்தாங்கல் ஆட்டத்தில் ஆடுபவரின் கைக்கு நிகரான பங்கு புவியீர்ப்புக்கும் உண்டு. அரை மீட்டர் உயரம் வீசிய கல் மேலே சென்று திரும்ப ஏறத்தாழ 0.64 விநாடி ஆகிறது. அதற்குள் தரையிலுள்ள கற்களை வாரிக்கொள்வதே ஆட்டம். பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களின் லயத்து வாசல்களில் தமிழ்ச் சிறுமியர் ஆடியதும், மலாய்க்காரர்கள் பத்து செரம்பான் என்பதும் ஏறக்குறைய இதுவே. இதற்கு உறவான அமெரிக்க ஆட்டம் ஜாக்ஸ். பந்து துள்ளி விழுவதற்குள் கூர்முனைகள் கொண்ட சிறு காய்களைப் பொறுக்கும் அந்த ஆட்டம், பள்ளி மாணவர்களுக்கான செயல்விளக்கமாக 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் பம்பரம், யோயோ முதலியவற்றோடு விண்வெளிக்குச் சென்றது.

விண்ணோடத்தில் ஈர்ப்பே இல்லை என்பது பரவலான தவறான எண்ணம். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில்கூட ஈர்ப்பு, தரையிலுள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. ஆயினும் மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் விரையும் கலம் பூமியை நோக்கி ஓயாது விழுந்துகொண்டே அதன் வளைவைச் சுற்றிவருவதாலும், உள்ளிருப்பவை யாவும் அதனுடன் சேர்ந்து விழுவதாலும் எடை உணரப்படுவதில்லை. இதுவே நுண்ணீர்ப்பு எனப்படுகிறது.

அந்நிலையில் ரியா செடன் என்ற வீராங்கனை ஜாக்ஸ் ஆடினார். கையைத் திறந்ததும் காய்கள் கிடப்பதற்குத் தரையின்றி மெல்ல விலகி மிதந்தன. கைவிட்ட பந்தோ விழாது. சுவரை நோக்கி எறிந்தால், அதில் மோதித்தான் மீளும். காய்களை எட்டிப் பிடிக்கும் அசைவே ஆடுபவரையும் இடம்பெயர்த்துவிடும் என்பதால், ஆட்டத்தின் விதிகளையே மாற்றியமைக்க வேண்டும். பம்பரத்தின் நிலை வேறு: தரையில் அது தலையாட்டுவது அதன் எடை அதைச் சாய்க்க முயல்வதால்தான், எடையற்ற நிலையில் தலையாட்டமின்றித் தன் அச்சின் திசையை மாற்றாமல் சுழல்கிறது.

 

விண்வெளியில் நீரைக் கொண்டு செய்த விளக்கங்களில் விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு 2013-இல் செய்து காட்டியது சிறப்பானது. கனடா மாணவியர் இருவர் முன்வைத்த யோசனைப்படி அவர் ஈரத்துணியைப் பிழிந்தபோது, நீர் சொட்டாமல் துணியைச் சுற்றிக் குழாய்போல் படிந்து கைகளிலும் ஏறியது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்து மேற்பரப்பைச் சுருக்கும் விசை பரப்பு இழுவிசை எனப்படும். எடை மறைந்த இடத்தில் அதன் ஆட்சி ஓங்குகிறது. பால்மரத்தை அங்கே வெட்டினாலும் பட்டையின் உள்ளழுத்தம் பாலை வெளியே தள்ளத்தான் செய்யும். ஆனால் சரிவான வெட்டு வழியே இறங்கி மங்குக் கிண்ணத்தில் விழ வழியில்லாமல், அது பட்டையிலேயே திரண்டு ஒட்டிக்கொள்ளும்.

இவற்றின் அடிப்படையை விளக்கத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு விண்ணோடம் தேவையில்லை. அடிப்பக்கத்தில் துளையிட்டு, மூடியின்றி நீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டியை மாடியிலிருந்து நழுவவிட்டால், கையில் இருந்தவரை பீறிட்ட நீர், புட்டி விழத் தொடங்கிய கணத்தில் நின்றுவிடும். மூன்று மீட்டர் உயரமானால் ஏறத்தாழ 0.8 விநாடிக்குப் புட்டியும் நீரும் ஒருசேர விழுவதால், நீரை வெளித்தள்ளிய அழுத்தம் அப்போது இருப்பதில்லை.