சுடுகலன் உற்பத்தியில் துல்லிய எந்திரவேலை

சுடுகலன் உற்பத்தியில் துல்லிய எந்திரவேலை என்பது துப்பாக்கியின் உலோக உறுப்புகளைக் குறித்த அளவில், மிகச் சிறிய வேறுபாட்டுக்குள், கடைந்தும் துளையிட்டும் செதுக்கியும் உருவாக்கும் முறை ஆகும். தற்காலத்தில் இவ்வேலையின் பெரும்பகுதியைக் கணினி எண்ணியல் கட்டுப்பாட்டுப் பொறிகள், அதாவது சி.என்.சி. பொறிகள் செய்கின்றன. ஆயினும் இதன் அடிப்படைக் கருத்துகள் கணினிக்கு நூறாண்டுகளுக்கும் மேல் முற்பட்டவை.

பின்னணி

18ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பும் கையால் அராவிப் பொருத்தப்பட்டது. ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. எனவே போர்க்களத்தில் ஒரு சிறு வில் உடைந்தாலும், தேர்ந்த கைவினைஞர் ஒருவர் அதற்கென்றே புதியதொன்றைச் செய்து பொருத்தும்வரை அத்துப்பாக்கி பயனற்றுக் கிடந்தது.

பிரான்சில் ஒனொரே பிளாங் இதற்குத் தீர்வு கண்டார். சுடும்போது தீப்பொறியை எழுப்பும் அமைப்பின் உறுப்புகளை அவர் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாகச் செய்தார். 1785இல் அவரது பட்டறையைப் பார்வையிட்ட தாமஸ் ஜெபர்சன், பிரித்து வைக்கப்பட்டிருந்த உறுப்புகளிலிருந்து கைக்குக் கிடைத்தவற்றை எடுத்துத் தாமே பொருத்திப் பார்த்தார். அவை சரியாகப் பொருந்தின.

இம்முறையை நிறைவேற்றியவர் எலி விட்னி என்று பரவலாகக் கூறப்படுவது சரியன்று. 1798இல் அவர் அமெரிக்க அரசுடன் 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்து, 1809இல்தான் முழுமையாக வழங்கினார். எஞ்சியுள்ள அவரது துப்பாக்கிகளின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாக இல்லை என்பது பிற்கால ஆய்வில் தெரியவந்தது.

ஜான் ஹாலும் அடிப்படைப் புள்ளியும்

அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் பெரி படைக்கலச் சாலையில் ஜான் ஹால் 1819 முதல் ரைபிள்களைத் தயாரித்தார். 1826இல் அரசு அமைத்த குழு அவரது 100 ரைபிள்களைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் பொருத்திப் பார்த்தது. அவை பொருந்தின. ஹாலின் வெற்றிக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கேஜ் எனப்படும் அளவுமானிகளால் ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்தது. மற்றொன்று, ஓர் உறுப்பின் எல்லா அளவுகளையும் ஒரே அடிப்படைப் புள்ளியிலிருந்து எடுத்தது.

இரண்டாவதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு தகட்டில் வரிசையாக ஐந்து துளைகள் இடவேண்டும். ஒவ்வோர் அளவிலும் 0.05 மில்லிமீட்டர் பிழை நேரலாம் எனக் கொள்வோம். முதல் துளையைத் தகட்டின் விளிம்பிலிருந்தும், ஒவ்வொரு அடுத்த துளையையும் அதற்கு முந்தைய துளையிலிருந்தும் அளந்தால், ஐந்தாம் துளையில் பிழை 0.25 மில்லிமீட்டர் வரை சேரக்கூடும். எல்லாவற்றையும் விளிம்பிலிருந்தே அளந்தால், எந்தத் துளையின் இடத்திலும் பிழை 0.05ஐத் தாண்டாது. இன்றைய சி.என்.சி. பொறியில் வேலை தொடங்குமுன் சுழிப் புள்ளியை நிறுவுவதும் இதே கருத்தின் தொடர்ச்சியே.

அச்சிலிருந்து எண்ணுக்கு

தாமஸ் பிளான்சார்டு 1819ஆம் ஆண்டளவில் துப்பாக்கியின் மரக்கட்டையைச் செதுக்கும் கடைசல் பொறி ஒன்றை உருவாக்கினார். மாதிரி உருவத்தின் மீது ஒரு சக்கரம் உருள, அதன் அசைவைப் பின்பற்றி வெட்டும் கருவி மரத்தைச் செதுக்கியது. இங்கு உறுப்பின் வடிவம் ஒரு மாதிரி அச்சில் சேமிக்கப்பட்டிருந்தது எனலாம்.

அச்சின் இடத்தை எண்கள் பிடித்தது 20ஆம் நூற்றாண்டில் ஆகும். இதன் தொடக்கம் துப்பாக்கித் தொழிலில் அன்று, வானூர்தித் தொழிலில். ஜான் பார்சன்ஸ் முன்வைத்த கருத்தைத் தொடர்ந்து, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளையிட்ட நாடாவால் இயங்கும் மில்லிங் பொறி 1952இல் காட்சிப்படுத்தப்பட்டது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணினி பெற்றது.

வரம்புகள்

கணினி துல்லியமான எண்களைத் தந்தாலும், வெட்டும் கருவி தேய்கிறது. உலோகம் வெப்பத்தால் விரிகிறது. 500 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 10 பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் நீளும். இதனாலேயே பன்னாட்டுத் தரமுறையில் அளவுகள் 20 பாகை வெப்பநிலைக்கு உரியனவாகக் குறிக்கப்படுகின்றன. மேலும், தேவையற்ற இடத்தில் துல்லியத்தைக் கூட்டினால் செலவு மட்டுமே கூடும். ஆகவே பொறியாளர் ஒவ்வோர் அளவுக்கும் ஏற்கத்தக்க பிழையின் எல்லையை முன்னரே வரையறுக்கிறார். அவ்வெல்லைக்குள் உறுப்பு உள்ளதா என்பதை, ஹாலின் காலத்தைப் போலவே, இன்றும் அளந்துதான் உறுதிசெய்ய வேண்டியுள்ளது.