மலை உச்சியில் வரையாடு: அடையாளம் காண்பது எப்படி? நம் ஆடுகளால் ஆபத்து வராமல் தடுப்பது எப்படி?

மலையடிவாரத்தில் ஆடு வளர்ப்பவரா நீங்கள்? கோயிலுக்கோ, மலையேற்றத்துக்கோ உயரமான மலைக்குச் செல்பவரா? அங்கே பாறைச் சரிவில் ஆடு போல ஒன்று நின்றால், அது நம் மாநில விலங்கான வரையாடாக இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. 2025 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள்தான் உள்ளன.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

செங்குத்துப் பாறையை ஒட்டிய புல்வெளிதான் இதன் இடம். காலையிலும் மாலையிலும் மேயும். வெயில் ஏறினால் பாறை நிழலில் படுத்துவிடும். ஆழியாறு – வால்பாறை சாலையில் 9-வது கொண்டை ஊசி வளைவு அருகே சாலையோரத்திலேயே பார்க்கலாம். மூணாறு அருகே இரவிகுளத்திலும் அதிகம் உண்டு. குட்டி ஈனும் காலம் என்பதால், அந்தப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள்.

அடையாளம்

* இரு பாலுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு. கிளை பிரிந்திருந்தால் அது மான்.
* வெள்ளாட்டுக் கிடா போல தாடி இருக்காது.
* வயதான கிடா கரும்பழுப்பாக இருக்கும். முதுகில் சேணம் போட்டது போல வெளிர் நிறம் தெரியும்.
* பெட்டையும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும்.

ஆபத்தைக் கண்டால் வரையாடு சீட்டி அடிப்பது போல ஒலி எழுப்பும். அது கேட்டால் நீங்கள் மிக அருகில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள். தீனி எதுவும் கொடுக்காதீர்கள்.

நம் ஆட்டிலிருந்து நோய் பரவுமா?

பரவக்கூடும். மங்கோலியாவில் 2016-17இல் வீட்டு ஆடுகளிடமிருந்து பரவிய ஆட்டுக்கொல்லி நோயால் (பி.பி.ஆர்.) சைகா என்ற காட்டு மான்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். நோயுற்ற ஆட்டின் மூச்சு, சளி, சாணம் வழியே இது பரவும்.

செய்ய வேண்டியவை

1. ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். குட்டிகளுக்கு எப்போது போடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.
2. மலைப் புல்வெளிக்கு ஆடுகளை ஓட்டிச் செல்லாதீர்கள். நோயுற்ற ஆட்டைத் தனியே கட்டுங்கள்.
3. செத்த ஆட்டை ஓடையிலோ காட்டோரத்திலோ வீசாமல் ஆழமாகப் புதையுங்கள்.
4. மலையேற வனத்துறை அனுமதி பெறுங்கள்.
5. நோயுற்ற, இறந்த வரையாட்டைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நமக்கு என்ன லாபம்?

தடுப்பூசி முதலில் காப்பது உங்கள் ஆட்டைத்தான். அடுத்தது தண்ணீர். வரையாடு மேயும் புல்வெளியும் பக்கத்துச் சோலையும் மழைநீரைப் பிடித்து வைத்து, கோடையிலும் மெல்லக் கசியவிடுகின்றன. பவானியும் தாமிரபரணியும் இத்தகைய மலைகளில்தான் பிறக்கின்றன. உச்சியில் அந்தப் புல்வெளி இருந்தால்தான் கீழே நம் வாய்க்காலில் தண்ணீர் வரும்.