சங்கீதம் பயின்றால் மூளை மாறுமா?

குழந்தைகளுக்குப் பிடில் கொடுத்து விஞ்ஞானிகள் நடத்திய சோதனை

அமெரிக்காவில், சினிமாவுக்குப் பெயர்போன ஹாலிவுட். அங்கே சந்தை கூடியிருந்தது.

ஒரு சின்னஞ்சிறு பையன் நின்று பிடில் வாசித்துக்கொண்டிருந்தான்.

அந்த வழியாக ரவுடிக் கும்பல் ஒன்று வந்தது. உடம்பில் பச்சை குத்திய முரட்டு இளைஞர்கள்.

அவர்கள் நின்றார்கள். சில நிமிடம் கேட்டார்கள். பிறகு தங்கள் பணத்தை எடுத்துப் பையனின் பிடில் பெட்டியில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார்கள்!

பையனின் தாயார் மார்கரெட் மார்ட்டின் இதைப் பார்த்தார். சிறு வயதில் வாய்ப்பு கிடைத்திருந்தால் இவர்களும் வாத்தியம் வாசித்திருப்பார்களே என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

2001-ம் ஆண்டில் அவர் "ஹார்மனி பிராஜக்ட்" என்ற அமைப்பை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கினார். ரவுடிகள் நடமாடும் ஏழைப் பகுதிகளில் உள்ள குழந்தைகளுக்கு வாத்தியமும் இலவசம், பாடமும் இலவசம்.

சங்கீதம் பயின்ற குழந்தைகள் பள்ளிக்கூடப் படிப்பிலும் முன்னேறினார்கள். இது எப்படி? சிக்காகோவுக்கு அருகில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை நீனா கிராஸ் இதை ஆராய முன்வந்தார்.

கேட்பது காதா, மூளையா?

ஒலி காதுக்குள் நுழைந்ததும் செவிப்பறை அதிர்கிறது. உள்காது அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. நரம்பு வழியாக அது மூளைக்குப் போகிறது. மூளை புரிந்துகொண்ட பிறகுதான் "அம்மா கூப்பிடுகிறாள்" என்று உங்களுக்குத் தெரிகிறது.

இந்த மின்சாரத்தை அளக்கலாம். தலையின் தோல்மீது சிறிய உலோக வில்லைகளை ஒட்டிவைத்தால் போதும். வலி கிடையாது.

இதில் ஓர் அதிசயம் உண்டு. மூளையில் ஓடும் மின் அலை, கேட்ட ஒலியைப் போலவே ஏறி இறங்குகிறது. அந்த அலையை ஒலிபெருக்கியில் கொடுத்தால், என்ன பாட்டு என்று அடையாளம் காண முடிகிறது! கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். அவ்வளவுதான்.

ஒரு வருடம் போதவில்லை

"பம்பாய்" என்ற சொல்லில் வரும் முதல் எழுத்தையும், "கங்கை" என்ற சொல்லில் வரும் முதல் எழுத்தையும் சொல்லிப் பாருங்கள். இரண்டையும் பிரித்துக்காட்டும் ஒலி, கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதை மூளை சரியாகப் பிடிக்காவிட்டால் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும்.

ஆகவே இந்த ஒலிகளை வைத்தே சோதித்தார்கள். 44 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே சங்கீத வகுப்பு. மற்றப் பிரிவு ஓர் ஆண்டு காத்திருந்தது.

ஓர் ஆண்டு முடிந்தது. அளந்தார்கள். மூளையில் மாற்றம் எதுவும் இல்லை!

வேறு யாராவது என்றால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்கள் விடவில்லை. இரண்டாம் ஆண்டும் வகுப்பு நடந்தது. மீண்டும் அளந்தார்கள். 2 ஆண்டு பயின்ற குழந்தைகளின் மூளை, அந்த ஒலிகளைத் தெளிவாகப் பிரித்து அறிந்தது. காத்திருந்துவிட்டு ஓர் ஆண்டு மட்டும் பயின்றவர்களிடம் அந்தத் தெளிவு இல்லை. 2014-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

சங்கீதத்தைப் பற்றிப் பாடம் கேட்டால் மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. கையில் வாத்தியத்தை எடுத்து வாசித்தவர்களிடமே மாற்றம் அதிகம். விரல் தவறினால் காது சொல்கிறது. காது சொன்னபடி விரல் திருந்துகிறது. வெறுமனே ரேடியோ கேட்பவருக்கு இந்த வேலை ஏது?

பிறவியா, பழக்கமா?

ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்து விஞ்ஞானிகள் 1998-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பியானோ ஒலியைக் கேட்டபோது, வாத்தியமே தொடாதவர்களைவிட வித்வான்களின் மூளையில் எழுந்த அலை சுமார் 25 சதவீதம் பெரிதாக இருந்தது. இளம் வயதில் தொடங்கியவர்களுக்கு இன்னும் பெரிது.

ஆனால் அவர்கள் பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாம் அல்லவா? அதனால்தான் வித்வான்கள் ஆனார்களோ? லாஸ் ஏஞ்சல்ஸ் சோதனைக்கு மதிப்பு இங்கேதான். அங்கே யார் முதலில் பயில்வது என்பதைக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆயினும் வழக்கு தீர்ந்துவிடவில்லை. 2025-ல் 6 ஆய்வுக்கூடங்கள் ஒன்றுசேர்ந்து 200 பேருக்கு மேல் சோதித்தன. முன்பு பலர் கண்ட வித்தியாசம் கிடைக்கவில்லை! சங்கீதம் பயின்றவர், பயிலாதவர் இருவர் மூளையும் ஒலியை ஒரே விதமாகவே வாங்கிக்கொண்டன.

இரண்டில் எது சரி என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. 2025-ல் சோதிக்கப்பட்டவர்கள் வயது வந்தவர்கள். பார்த்தது, ஒலி மூளைக்குள் போகும்போது கடக்கும் ஆரம்பக் கட்டங்களை. மூன்ஸ்டரில் அளந்தது மூளையின் மேற்பகுதியை. லாஸ் ஏஞ்சல்ஸில் பிடில் பிடித்தவர்களுக்கோ வயது 8-ஐ ஒட்டித்தான் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயது அது.