பதினைந்து நொடியில் ஒரு கிண்ணம் ராமென்

ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது 15 நொடிகளே என்பதால், உணவகத்துக்கு அசைவூட்ட விளம்பரம் வடிவமைப்போர், காட்சிகளையும் அவற்றின் கால அளவையும் வரிசையாகக் குறிக்கும் 'எகோன்டே' என்னும் படவரைவுத் தாளை முதலில் தீட்டி, ஒவ்வொரு நொடியையும் பங்கிட்டுக்கொள்கின்றனர். நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடினாலும், ஓர் ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைக்கும் சிக்கன முறையில் நொடிக்கு 8 ஓவியங்கள், அதாவது முழு விளம்பரத்துக்கும் ஏறத்தாழ 120 ஓவியங்கள் போதுமானவை. ஆனால் மனித முகங்களுக்குப் பொருந்தும் இச்சிக்கனம் உணவுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. சூடான சாற்றில் நூடுல்ஸ் மிதக்கும் ராமென் கிண்ணத்திலிருந்து எழும் ஆவியும், சாற்றின் மேல் மினுங்கும் எண்ணெய் வட்டங்களும், குச்சிகளால் தூக்கப்படும் இழைகளிலிருந்து சொட்டும் துளிகளும் தனித்தனி அடுக்குகளாக வரையப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. பார்ப்பவர் நாவில் நீரூறச் செய்யும் இத்தன்மையை அந்நாட்டு விளம்பரத் துறையினர் 'ஷிஸுரு' என்பர். இறைச்சி பொரியும் ஓசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவ்வாறு திரிந்து, காதுக்குரியது கண்ணுக்குரியதாக மாறியது சுவையான விந்தைதான். ஜப்பானில் தனியார் தொலைக்காட்சி தொடங்கிய 1953 ஆகஸ்ட் 28 அன்று ஒளிபரப்பான முதல் விளம்பரமும், உணவுக்கன்றிக் கடிகாரத்துக்கானதாயினும், அசைவூட்டப் படமே.